சோம்பேறி ஆறு

எங்கள் பார்க்கில் கரடி வேஷத்துக்குள் இருந்தவனை அக்கா ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் விக்கிரமங்கலத்துக்காரன். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. காலையில் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்தப் பழுப்பு நிற ரோம உடுப்புக்குள் புகுந்து தலையை மாட்டிக்கொள்ளும் வரைக்கும் அவன் அக்காவுக்குத் தம்பி. சாப்பிட்டானா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரிப்பார். தலையை மாட்டிய நிமிஷத்திலிருந்து அவன் கரடி. "ஏ கரடி, வெயில்ல நிக்காத, இப்புடி நெழலுக்கு வா" என்பார். மோர் கொடுத்தாலும் தலையைக் கழற்றச் சொல்ல மாட்டார். ஸ்ட்ராவைக் கரடியின் வாய் வழியாக உள்ளே விட்டு, டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை கரடி தலையைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கழுத்துக்குக் கீழே கரடியாகவும் மேலே மனிதனாகவும் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். அக்கா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, "ரெண்டுல ஒண்ணா இருக்கணும் இல்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். அவன் காதிலும் அது விழுந்தது. அதற்கப்புறம் அவன் பீடி குடிப்பதென்றால் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய்விடுவான்.

மோட்டார் ரூம் என் பொறுப்பில் இருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே அந்தப் பார்க்கு இருந்தது. ராட்டினம், கொலம்பஸ் கப்பல், அலை அடிக்கிற குளம், சறுக்கு எல்லாம் உண்டு. பின்பக்கம் தங்குவதற்குக் கூம்புக் கூரை போட்ட காட்டேஜுகளும் இருந்தன. நான் பத்தாவதோடு நிறுத்தியவன். குரும்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். ஆட்களிடம் பேசுவது எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. மோட்டார் சத்தத்தில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அந்த வேலை எனக்குத் தோதாக இருந்தது.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே ஆற்றின் தலைப்பு. ஆறு என்று நான் சொல்வது, சிமெண்டில் கட்டி நீல பெயிண்ட் அடித்த ஒரு வாய்க்கால். சிமெண்ட் யானையின் தும்பிக்கை வழியாகத் தண்ணீர் கொட்டும். அந்த வேகத்தில் தண்ணீர் பார்க்கின் பாதியைச் சுற்றி, ஒரு செயற்கைப் பாறை வளைவுக்குள் நுழைந்து, திரும்பவும் யானையிடமே வந்து சேரும். ஜனங்கள் ரப்பர் டியூபில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதில் மிதந்து வருவார்கள். டியூபை எடுத்துக் கொடுப்பதும், ஆளை ஏற்றி இறக்குவதும், திரும்பி வந்த டியூபை வாங்கி வைப்பதும் அக்காவின் வேலை. பார்க்கில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவர் உள்ளங்கையை மேலே காட்டித் தூக்கினால் நான் மோட்டாரைப் போடுவேன். கவிழ்த்து இறக்கினால் நிறுத்துவேன். பல நாட்கள் எங்களுக்குள் அதைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை.

பார்க்கு திறந்தபோது அந்த வாய்க்காலுக்கு வைத்த போர்டில் "சோம்பேறி ஆறு" என்று எழுதியிருந்தது. சென்னை ஆபீஸில் யாரோ இங்கிலீஷ் பேரை அப்படியே தமிழில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கொள்ளிடக்கரையில் பிறந்தவர். மேனேஜர் ரவுண்ட்ஸ் வந்தபோது போர்டுக்குக் கீழே அவரை நிறுத்திவிட்டார்.

"எந்த ஊர்லயாவது ஆத்தைச் சோம்பேறின்னு எழுதுவாங்களா சார்?"

மேனேஜர் திருச்சிக்காரர், நல்ல மனுஷன். உலகம் பூராவும் இதற்கு அதுதான் பேர் என்று பொறுமையாக விளக்கினார்.

"உலகத்துல என்ன வேணா சொல்லிக்கட்டும் சார். இது ராவும் பகலும் சுத்துது. மோட்டாரை நிறுத்துனாத்தான் நிக்குது. அதுக்குப் போயி இந்தப் பேரு."

அடுத்த தடவை பெயிண்டர் வந்தபோது மேனேஜர் முதல் வார்த்தையின் மேல் வெள்ளை அடிக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெரிய போர்டின் வலது ஓரத்தில் "ஆறு" என்று மட்டும் நின்றது. அதை எண் என்று நினைத்துக்கொண்டு மற்ற ஐந்தும் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு.

அந்த ஆற்றில் தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான் வரும். ஆனால் அக்கா யாரையும் சும்மா இறங்க விட்டதில்லை. முதலில் ஒரு காலை வைத்துத் தரை பார்க்கச் சொல்வார். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்கச் சொல்வார். "பாத்து எறங்குங்க, ஆழம் இருக்கும்." சிமெண்ட் ஆலை ஆபீசர்கள் குடும்பத்தோடு வருவார்கள். அவர்களுக்கும் இதே வார்த்தைதான். திருச்சி காலேஜிலிருந்து வந்த ஒரு பெண், அடியில் போட்டிருந்த டைல்ஸைக் காட்டி, தரைதான் தெரிகிறதே, அப்புறம் என்ன ஆழம் என்று கேட்டாள். எங்கள் ஆற்றிலும் தரை தெரியும், மணல் அள்ளின குழி மட்டும்தான் தெரியாது என்று அக்கா பதில் சொன்னார். அந்தப் பெண் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

நல்ல வருஷங்கள் என்றால் எனக்கு ஞாபகம் வருவது சத்தம்தான். காணும் பொங்கலன்று ரோடு வரைக்கும் வேன் நிற்கும். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு முடி இறக்கிவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் நேரே இங்கே வந்து கப்பலில் ஏறிக் கத்துவார்கள். சறுக்கில் வழுக்கி வருகிற பெண்கள் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே வந்து விழுவார்கள். விழுந்ததும் முதலில் தாலியைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். கேன்டீனில் மிளகாய் பஜ்ஜி எண்ணெய் வாசனையும் தண்ணீரில் போடுகிற குளோரின் வாசனையும் கலந்து ஒரு வாசனை வரும். வேறு எந்த இடத்திலும் அது எனக்கு அடித்ததில்லை. காட்டேஜில் தங்கிய புதுமாப்பிள்ளைகள் பெண்ணை ஒரே டியூபில் உட்கார வைத்துக்கொண்டு சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருப்பார்கள். அக்கா அவர்களை மட்டும் எத்தனை சுற்று என்று கேட்க மாட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். முதலில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு அடித்தார். பிறகு வடக்கே லோடு எடுத்துக்கொண்டு போனார். நான் பார்க்கில் சேர்ந்தபோதே அவர் போய் வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அவர் அங்கேயே வேறு குடும்பம் வைத்துவிட்டார் என்றார்கள். விபத்து என்றும் சொன்னார்கள். அக்கா எந்தக் கதைக்கும் மறுப்புச் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "அவரு லோடு எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு" என்பார், ஏதோ காலையில்தான் கிளம்பிப் போனவர் மாதிரி. கேன்டீனில் பஜ்ஜி போடுகிற அம்மா ஒருநாள் வாய் பொறுக்காமல், "இத்தினி வருஷமாவாடி லோடு எறக்குறாரு?" என்று கேட்டுவிட்டது. சுற்றி இருந்தவர்கள் அடுப்பைப் பார்த்தார்கள்.

"தூரம் இல்லையா" என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சட்னிக் கிண்ணத்தை இன்னொரு முறை நீட்டினார்.

எங்கள் பார்க்குக்காக பஸ்களின் பின்னால் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். "ஆண்டு முழுவதும் வற்றாத ஆறு" என்று அதில் போட்டிருந்தது. டியூபில் மிதக்கிற படமும் இருந்தது. ஆனால் பஸ் புழுதியில் படம் மறைந்து எழுத்து மட்டும் தெரியும். எங்கள் பக்கம் கொள்ளிடத்துத் தண்ணீர் குடிப்பதற்காகப் பைப்பில் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, கொள்ளிடத்தையே பைப்பு போட்டுக் கொண்டுவந்து பார்க்குக்குள் ஓட விடுகிறார்கள் என்று பக்கத்து ஊர்களில் பேச்சு கிளம்பியிருக்கிறது. அந்த வருஷம் நிஜக் கொள்ளிடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு மணலில் ஊற்றுத் தோண்டித்தான் கும்பிட வேண்டும் என்ற நிலை.

ஆடிப் பதினெட்டு காலையில் நான் வந்தபோது கேட்டில் ஒரு கூட்டம் நின்றது. எல்லாம் பெண்கள். தாம்பாளத்தில் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, பழம், வெற்றிலை. புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி காய்ந்த கல்யாண மாலையை மஞ்சள் பையில் வைத்திருந்தாள். எல்லோருக்கும் முன்னால் நின்ற அம்மா பக்கத்து ஊர்க்காரர், பார்க்குச் சுவரை ஒட்டி அவருக்குக் காடும் கிணறும் உண்டு. வாட்ச்மேன் டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

"ஆத்துக்கு டிக்கெட்டாய்யா? எந்த ஊரு ஆத்துல டிக்கெட்டு போடுறாங்க?" என்று அந்த அம்மா சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேனுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கரடிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பெண்களுக்கு எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் முகம் சுருங்கியது. மாலை வைத்திருந்த பெண் பையை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தார். தாம்பாளங்களைப் பார்த்தார். நேரே ஆபீஸுக்குப் போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தார். பார்க்கு திறக்க இன்னும் நேரம் இருந்தது. அதுவரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மேனேஜர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஆற்றைப் பார்த்ததும் பக்கத்து ஊர் அம்மா நின்றுவிட்டார்.

"என்னடி இது, வாய்க்காலுக்குப் பெயிண்ட்டு அடிச்சு வச்சிருக்காங்க?"

அக்கா எனக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். நான் மோட்டாரைப் போட்டேன். யானை கொட்டியது.

"தண்ணி ஓடுதா இல்லையா?" என்று அக்கா கேட்டார்.

"ஓடுது."

"ஒரு பக்கமாத்தான ஓடுது?"

"ஆமா."

"அப்பப் பாத்து எறங்குங்க. ஆழம் இருக்கும்."

அவர்கள் இறங்கினார்கள். மஞ்சள் பூசி, குளித்து, ஒருத்திக்கு ஒருத்தி கயிறு கட்டிவிட்டார்கள். பூவும் மாலையும் போய் மோட்டாரின் உறிஞ்சு குழாயை அடைத்துவிடும் என்று நான் ஜன்னலில் கவலையோடு நின்றேன். அக்கா அதற்கு முன்பே ஒரு பழைய புடவையை அந்த வாய்க்குக் குறுக்கே கட்டியிருந்தார். எனக்கே தோன்றாத யோசனை என்று சொல்ல முடியாது, கொஞ்சம் தாமதமாகத் தோன்றியிருக்கும்.

கடைசியில் வெற்றிலையில் சூடம் ஏற்றித் தண்ணீரில் விட்டார்கள். வெற்றிலைகள் வரிசையாக வளைவைத் தாண்டிப் போய் மறைந்தன. பெண்கள் கும்பிட்டுவிட்டுக் கரையேறித் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஊர் அம்மா, "அய்யய்ய" என்றார். போன வெற்றிலை, சூடம் அணைந்து கரிப்பொட்டோடு, யானைப் பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் மற்றவையும் வந்தன.

துவட்டுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஆற்றில் விட்டது திரும்பி வந்தால் ஆத்தா ஏற்றுக்கொள்ளவில்லை என்றல்லவா அர்த்தம் என்று அந்த அம்மா மெல்லச் சொன்னார். கயிறு மாற்றின அன்றைக்கு இப்படியா என்று இன்னொருத்தி சொன்னாள். மாலை கொண்டுவந்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வாய்க்கால் வட்டமாகக் கட்டியிருக்கிறது, எதை விட்டாலும் திரும்பத்தான் வரும் என்று நான் போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

அக்கா குனிந்து முதலில் வந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அவரைக் கடந்து இரண்டாவது சுற்றுக்குப் போனது.

"ஏத்துக்காமப் போயிருந்தா இங்கயே ஒதுங்கியிருக்கும்" என்றார். "போயிட்டுல்ல வந்திருக்கு. வூட்ட விட்டுக் கெளம்புறப்ப நாம என்னா சொல்றோம்? போறேன்னா சொல்றோம்? போயிட்டு வரேன்னுதான சொல்றோம்?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுவும் சரிதான்" என்று பக்கத்து ஊர் அம்மா சொன்னார். அப்புறம் காப்பரிசியை எடுத்து முதல் பிடியை அக்காவுக்குக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு அக்கா தன் பங்குக்கு ஒரு வெற்றிலையை விட்டார். அது போய்ச் சுற்றித் திரும்பி வரும் வரை யானைக்குப் பக்கத்திலேயே நின்றார். வந்ததும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டியூபுகளை அடுக்கப் போனார். அவர் கழுத்திலும் புதுக் கயிறு இருந்தது.

மறுவருஷத்திலிருந்து மேனேஜரே ஆடிப் பதினெட்டுக்கு வாழைமரம் கட்டச் சொன்னார். அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். மத்தியானம் வருகிற டவுன்காரர்கள் மஞ்சள் தண்ணீரில் மிதந்துகொண்டு, இது ஏதோ மூலிகைக் குளியல் என்று பேசிக்கொள்வார்கள். யாரும் மறுத்ததில்லை. கிளம்புகிற பெண்களிடம் அக்கா ஒவ்வொரு வருஷமும் ஒரே வார்த்தை சொல்வார்: "அடுத்த வருஷமும் தண்ணி இருக்கும், வாங்க." எல்லோரும் போன பிறகு அவர் விடுகிற வெற்றிலையும் ஒவ்வொரு வருஷமும் திரும்பி வந்தது. ஒரு தடவை கரடி அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மாமா வந்துட்டாரா?" என்று கேட்டான். தலை மாட்டியிருந்ததால் அவன் சிரித்தானா இல்லையா என்று தெரியவில்லை.

"வெத்தலை வந்துட்டுது" என்றார் அக்கா.

பிறகு மழை இல்லாத வருஷங்கள் வந்தன. பார்க்கில் ஓடியது கொள்ளிடத்துத் தண்ணீர் அல்ல, போர் போட்டு எடுத்த தண்ணீர். ஒன்று வற்றினால் இன்னொன்று போட்டார்கள். நான்தான் மோட்டாரை இறக்கினேன், எவ்வளவு ஆழத்துக்கு இறக்குகிறோம் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகி நின்றது. அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்குப் பக்கத்து ஊர் அம்மா தாம்பாளத்தோடு வந்தார். ஆனால் இறங்கவில்லை. கரையில் நின்றபடியே கேட்டார்.

"கொள்ளிடத்துத் தண்ணின்னு நெனச்சுக் கும்புட்டேன். எங்க கெணத்துத் தண்ணியத்தான் இங்க ஓட்டுறீங்களாமே?"

மேனேஜர் நழுவினார். நான் ஜன்னலை விட்டு உள்ளே போய்விட்டேன், ஆனாலும் அக்காவின் குரல் கேட்டது.

"ஆமா, உங்க தண்ணிதான்."

"அதைச் சொல்ல உனக்கு இத்தினி வருஷம் ஆச்சா?"

"நீங்க கும்புட்டது தண்ணியத்தான. உங்க தண்ணிக்கு உங்களை வாங்கன்னுதான கூப்புட்டேன்."

"நல்லாத்தான் பேசுற" என்றார் அந்த அம்மா.

அது ஒத்துக்கொண்ட குரலா, இல்லையா என்று எனக்கு இன்று வரை பிடிபடவில்லை. அவர் இறங்கிக் கயிறு மாற்றினார். வெற்றிலையும் விட்டார். அது திரும்பி வருவதற்குள் கிளம்பிப் போய்விட்டார். அடுத்த வருஷம் வரவில்லை. அந்த அம்மா கேட்டுவிட்டுப் போன மறுநாளே அக்கா மேனேஜரிடம் போய், கூட்டம் இல்லாத நாட்களில் ஆற்றை நிறுத்தி வைக்கலாம் என்று சொன்னார். அக்கா வாயிலிருந்து ஆற்றை நிறுத்துகிற பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. கூட்டம் இல்லாத நாட்கள்தான் அப்போது அதிகம்.

அதற்கப்புறம் எல்லாம் மெதுவாக நடந்தது. ராட்டினத்தில் பாதிப் பெட்டிகளைக் கழற்றி வைத்தார்கள். காட்டேஜ் கூரையில் கீற்று மாற்றவில்லை. கரடிக்கு முதுகில் ரோமம் கொட்டி உள்ளே இருந்த பனியன் தெரிந்தது. அவன் ஒருநாள் உடுப்பை மடித்து வைத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். அக்கா அந்தத் தலையைக் கழுவி, வெயிலில் காய வைத்து, துணி போட்டு மூடி வைத்தார். பிறகு பார்க்கை மூடினார்கள். சாமான்களை விலைபேச ஆள் வரும் வரை மோட்டார்களைப் பார்த்துக்கொள்ள என்னை மட்டும் வைத்திருந்தார்கள்.

ஆடி பிறந்ததும் அக்கா வந்தார். கம்பிக் கேட்டுக்கு வெளியே நின்றபடியே, பதினெட்டாம் தேதி காலையில் ஒரு தடவை மட்டும் மோட்டார் போட முடியுமா என்று கேட்டார். "வாங்கன்னு சொல்லியிருக்கேன் தம்பி. வந்து பாத்துட்டு ஏமாந்து போவாங்க." மோட்டார் ரூமை ஒட்டிய தொட்டியில் முன்பு பெய்த மழைத் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. நான் மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் அப்போது வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அக்காவுக்காகப் போட்டுவிடு என்று சொன்னார்.

அந்த வாரத்தில்தான் மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பல வருஷம் மணலாகக் கிடந்த கொள்ளிடத்தில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. போனில் எல்லோரும் அந்தப் படத்தை அனுப்பிக்கொண்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் ஊர்களிலிருந்து ஸ்பெஷல் பஸ் விட்டார்கள். அன்று காலை நான் குரும்பலூரிலிருந்து வரும்போது எதிரே போன பஸ்களில் எல்லாம் தாம்பாளம் வைத்த பெண்கள். கொள்ளிடக்கரை அக்காவின் பிறந்த ஊர். அவரும் அங்கேதான் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே கேட்டைத் திறந்தேன்.

அவர் யானையின் காலடியில் உட்கார்ந்திருந்தார். வாய்க்காலின் உள்பக்கம் ஏற்கெனவே கூட்டித் தள்ளியிருந்தது. பின்சுவர் இடிந்த வழியாக வந்திருக்கிறார். வேறு யாரும் வரவில்லை. நாங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பிறகு அக்கா கையைத் தூக்கினார். மோட்டார் இருமி இருமி எடுத்தது. தும்பிக்கையில் முதலில் காற்று வந்தது, அப்புறம் துருவும் சருகும், அப்புறம் பழுப்பாகத் தண்ணீர். தொட்டி காலியாகும் வரை ஓட்டினேன். டைல்ஸுக்கு மேல் கணுக்கால் அளவு வந்து நின்றது.

அக்கா முகம் கழுவி, மஞ்சள் பூசி, பழைய கயிற்றை மாற்றினார். கட்டிவிட ஆள் இல்லாததால் கையைப் பின்னுக்குக் கொண்டுபோய்த் தானே முடிந்துகொண்டார். வெற்றிலையில் சூடம் ஏற்றி விட்டார். அது மெல்ல நகர்ந்து பாறை வளைவு வரைக்கும் போனது. அங்கே ஓட்டம் இல்லை. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

நான் ரூமை விட்டு வெளியே வந்தேன். தொட்டியில் இனித் தண்ணீர் இல்லை என்று சொன்னேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எனக்கு வந்தது இதுதான்.

"நெஜ ஆத்துலதான் அவ்வளவு தண்ணி போவுதே அக்கா. அங்க போயிருக்கலாம்ல?"

அக்கா வளைவில் நின்ற வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க விட்டா அது பாட்டுக்குக் கடலுக்குப் போயிடும் தம்பி" என்றார்.

பிறகு புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டார். ஓரத்துச் சிமெண்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் முதலில் இறக்கித் தரை பார்த்தார். அப்புறம் அடுத்த காலை வைத்தார். வெற்றிலைக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை முன்னுக்குத் தள்ளினார். வெற்றிலை ஒரு முழம் நகர்ந்தது. மறுபடியும் தள்ளினார். யானை வரைக்கும் இன்னும் பாதி வாய்க்கால் இருந்தது. ஒரு ஆள் தள்ளுகிற தூரம் இல்லை.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் போய் நின்றேன். அக்கா திரும்பிப் பார்த்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

"கையப் புடிச்சுக்கிட்டு எறங்கு தம்பி. ஆழம் இருக்கும்."

பிடித்துக்கொண்டு இறங்கினேன்.